பழியை வென்ற கிளாரிந்தா அம்மையார்

முன்னுரை

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள் நம் பெரியோர். தவறு செய்தவர் ஒருவராக இருக்க, அதன் சுமையைத் தலையில் ஏற்றுக்கொண்டு ஊரார் முன் நிற்பவர் வேறொருவராக இருப்பதை உலகில் நாளும் காண்கிறோம். அப்படிச் சுமந்தவர்களுள் பெரும்பாலோர் பெண்களே என்பதற்கு வரலாறே சான்று. சுமந்த பழியிலேயே அமிழ்ந்து மறைந்து போனவர்கள் எத்தனையோ பேர். அதைச் சுமந்தபடியே நிமிர்ந்து நடந்து, பிறருக்கும் நிழல் தந்தவர்கள் மிகச் சிலரே.

அந்தச் சிலருள் ஒருவர், 18ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் தோன்றிப் பாளையங்கோட்டையில் வாழ்ந்த கிளாரிந்தா அம்மையார். நெல்லைச் சீமையில் அவர் பெயர் பலரும் அறிந்த பெயர். சேர்வராயன் மலையில் வாழும் நம்மில் அவரை அறிந்தவர்கள் குறைவு. அவர் நம் கத்தோலிக்க சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் நற்பண்புக்கும் மன உறுதிக்கும் வேலி ஏது? ஆகவே அவ்வம்மையாரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் எழுத முற்பட்டோம்.

பிறப்பும் கைம்மையும்

தஞ்சை அந்நாளில் மராட்டிய மன்னர்களின் ஆட்சியில் இருந்தது. சோழர் எழுப்பிய பெரிய கோயிலின் நிழலில் தமிழும் தெலுங்கும் மராத்தியும் ஒருசேர ஒலித்த நகரம் அது. அங்கே ஒரு மராட்டிய அந்தணர் குடியில் அம்மையார் பிறந்தார். அவருடைய இயற்பெயர் கோகிலா என்பர். குயில் என்று பொருள்படும் அழகிய பெயர் அது. அக்கால வழக்கப்படி இளம் வயதிலேயே அவருக்கு மணம் முடித்தார்கள். இளம் வயதிலேயே கணவரும் இறந்து போனார்.

அந்தக் காலத்துக் கைம்பெண்ணின் நிலையை இன்று நாம் எண்ணிப் பார்ப்பதும் கடினம். தாலியை அறுத்தார்கள்; வளையல்களை உடைத்தார்கள்; நெற்றிக் குங்குமத்தை அழித்தார்கள். பூவும் வண்ணச் சேலையும் அவளுக்கு இல்லை. அந்தணர் குடியில் தலைமுடியையும் மழித்தார்கள். மங்கல காரியங்களில் அவள் எதிரே வரக் கூடாது. கணவன் இறந்தது அவள் செய்த பாவத்தின் பலன் என்று ஊர் பேசியது. ஏதும் அறியாத ஒரு சிறுமி, தான் செய்யாத ஒரு குற்றத்துக்காக ஆயுள் முழுவதும் தண்டனை அனுபவித்தாள். கணவனுடைய சிதையில் மனைவியையும் ஏற்றும் கொடிய வழக்கமும் உயர்குடியினர் சிலரிடையே இருந்தது. வில்லியம் பெண்டிங் பிரபு வங்காளத்தில் 1829ஆம் ஆண்டும், அதனைத் தொடர்ந்து 1830இல் சென்னை மாகாணத்திலும் அது சட்டப்படி ஒழிக்கப்பட்டது. கைம்பெண்கள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்ற சட்டம் 1856ஆம் ஆண்டில்தான் வந்தது. நம் அம்மையார் வாழ்ந்ததோ இச்சட்டங்களுக்கெல்லாம் பல பத்தாண்டுகளுக்கு முன்பு.

கோகிலாவைச் சிதையில் ஏற்ற முற்பட்டபோது ஆங்கிலப் படை அதிகாரி ஒருவர் குதிரையில் வந்து மீட்டார் என்று ஒரு கதை வழங்கி வருகிறது. அது செவிவழிக் கதையே. ஆயினும் அந்த இளம் கைம்பெண்ணுக்குத் தம் சொந்தச் சுற்றத்தில் வாழ வழி இல்லாமற் போயிற்று என்பதும், லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரியின் பாதுகாப்பில் அவர் வாழத் தொடங்கினார் என்பதும் வரலாறு.

லிட்டில்டன் துரையின் வீட்டில்

அந்த அதிகாரி அவருக்கு ஆங்கிலம் கற்பித்தார். கிறிஸ்தவ வேதத்தின் அடிப்படை உண்மைகளையும் எடுத்துச் சொன்னார். கைம்பெண் என்று ஒதுக்கப்பட்டவருக்கு அறிவின் கதவு திறந்தது. முறைப்படி மணம் செய்துகொள்வதாகவும் துரை அவருக்கு வாக்களித்திருந்தார். ஆனால் அந்த வாக்கு நிறைவேறவில்லை. ஆண்டுகள் கழிந்தன. இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். திருமணம் மட்டும் நடைபெறவே இல்லை.

இதனால் நேர்ந்தது என்ன? அந்தணர் சமுதாயம் அவரைச் சாதி கெட்டவள் என்றது. ஆங்கிலேயர் சமுதாயத்திலும் அவருக்கு மனைவி என்ற மதிப்பு இல்லை. இரண்டு கரைகளாலும் ஒதுக்கப்பட்ட ஓடம் போல் ஆனார் அவர். லிட்டில்டனோ படையில் தம் பதவியில் இருந்தார். ஒரே வீட்டில் வாழ்ந்த இருவரில், ஊர்ப்பழியின் பெரும்பகுதி ஒருவர் மீதே விழுந்தது.

மறுக்கப்பட்ட ஞானஸ்நானம்

அந்நாளில் தஞ்சைப் பகுதியில் புகழ்பெற்று விளங்கியவர் கிறிஸ்டியன் பிரெடெரிக் சுவார்ட்ஸ் என்ற ஜெர்மானியக் குரு. 1726ஆம் ஆண்டில் பிறந்த அவர், 1750ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். 1798ஆம் ஆண்டில் தஞ்சையில் இறக்கும் வரை, 48 ஆண்டுகள் தமிழ் மண்ணிலேயே வாழ்ந்தார். தமிழும் மராத்தியும் பாரசீகமும் கற்றிருந்தார். தஞ்சை மன்னர் துளஜாஜி அவரைப் பெரிதும் மதித்தார். இளவரசர் சரபோஜியின் நலனைக் காக்கும் பொறுப்பும் பின்னாளில் அவரிடம் வந்தது. ஐதர் அலியிடம் தூது செல்ல, கம்பெனியார் 1779ஆம் ஆண்டில் தேர்ந்தெடுத்து அனுப்பியதும் அவரையே. மக்கள் அவரைச் சுவார்ட்ஸ் ஐயர் என்று அன்போடு அழைத்தனர்.

அவரிடம் சென்று அம்மையார் ஞானஸ்நானம் கேட்டார். சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். மணமாகாமல் ஓர் ஆடவருடன் வாழும் நிலை நீங்காதவரை ஞானஸ்நானம் தர இயலாது என்பது அவருடைய முடிவு.

இந்த இடத்தில் எங்கள் வகுப்பில் பெரிய விவாதமே நடந்தது. ஐயர் செய்தது சரி என்று ஒரு பகுதியினர் கூறினோம். சபைக்கு ஒரு நெறி உண்டு. ஆளுக்கு ஆள் அதைத் தளர்த்தினால் நெறி என்று எதுவும் மிஞ்சாது. செல்வாக்குள்ள அதிகாரியின் வீட்டிலிருந்து வந்தவர் என்பதற்காக வளைந்து கொடுக்காததே அவர் நேர்மைக்குச் சான்று என்பது அவர்கள் வாதம். மற்றவர்கள் இதை ஏற்கவில்லை. அந்த வீட்டை விட்டு வெளியேறினால் அவர் எங்கே போவார்? பிறந்த வீட்டுக் கதவு அடைபட்டுவிட்டது. திருமணம் செய்யாதது அவர் விருப்பத்தால் நேர்ந்ததன்று. மணம் செய்யும் உரிமையும் வாய்ப்பும் துரையின் கையில் இருக்க, அதற்கான தண்டனை மட்டும் பெண்ணுக்கு வரலாமா என்பது இவர்கள் கேள்வி.

முடிவில் இரு பகுதியினரும் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டோம். நெறி நெறிதான். ஆனால் நெறியின் முன் நிறுத்தப்பட்டவர் ஒருவர் மட்டுமே. நற்செய்தியில் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கூட்டத்தின் நடுவே நிறுத்திக் கல்லெறியக் காத்திருந்த காட்சியை நாம் அறிவோம். அந்தக் கூட்டத்தில் ஆடவன் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. இயேசுநாதரோ குனிந்து மண்ணில் எழுதினார். அவர் எழுதி நிமிர்ந்தபோது கல்லேந்திய கைகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன.

கடல் கடந்த ஒரு கதை

இதே கேள்வியை அமெரிக்காவில் ஒரு பேரெழுத்தாளர் தம் புதினத்தின் உயிராக வைத்தார். அவர் பெயர் நதானியல் ஹாதார்ன். எங்கள் ஆங்கில வகுப்பில் அக்கதையைக் கேட்ட பிறகுதான் கிளாரிந்தா அம்மையாரின் வாழ்க்கை எங்களுக்கு நன்றாக விளங்கியது. ஆதலால் அதையும் இங்கே சுருக்கமாகச் சொல்கிறோம்.

ஹாதார்ன் 1804ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் பிறந்தார். பிறந்த ஊரின் பெயர் சேலம்! நம் சேலம் அன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கடற்கரையில் உள்ள சேலம். அங்கே குடியேறியவர்கள் பியூரிட்டன் என்னும் கடுமையான நெறியினர். ஆடம்பரம் கூடாது, கேளிக்கை கூடாது, சிறு பிழைக்கும் பெருந்தண்டனை என்று வாழ்ந்தவர்கள். 1692ஆம் ஆண்டில் அந்தச் சேலத்தில் சூனியக்காரர்கள் என்று பழி சுமத்தப்பட்டு 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அவ்வழக்குகளை விசாரித்த நீதிபதிகளுள் ஜான் ஹாதார்ன் என்பவரும் ஒருவர். அவர் நம் எழுத்தாளரின் மூதாதையர். முன்னோர் செய்த பாவம் தம் குடும்பப் பெயரில் ஒட்டியிருப்பதாக எண்ணி எழுத்தாளர் வருந்தினார். தம் பெயரின் எழுத்துகளிடையே புதிதாக ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டார்.

1849ஆம் ஆண்டில் அவர் சுங்கச் சாவடி வேலையை இழந்தார். அதே ஆண்டில் தாயையும் இழந்தார். அந்தத் துயரத்தின் நடுவே எழுதி 1850ஆம் ஆண்டில் வெளியிட்ட புதினமே ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’. சிவப்பு எழுத்து என்பது அதன் பொருள்.

கதை 17ஆம் நூற்றாண்டுப் பாஸ்டன் நகரில் நடக்கிறது. ஹெஸ்டர் பிரின் என்ற பெண் ஒழுக்கம் தவறிக் குழந்தை பெற்றாள் என்று ஊரார் அவளைத் தண்டிக்கிறார்கள். அவளது குற்றத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தான ‘ஏ’ என்பதைச் சிவப்புத் துணியில் அமைத்து எந்நாளும் மார்பில் அணிய வேண்டும் என்பது தீர்ப்பு. கைக்குழந்தையோடு அவளைக் கழுமேடையில் நிறுத்துகிறார்கள். குழந்தையின் தந்தை யார் என்று கேட்கும்போது அவள் வாய் திறக்கவில்லை. தந்தையோ அதே கூட்டத்தில் இருக்கிறார். ஊரே போற்றும் இளம் போதகர் ஆர்தர் டிம்மஸ்டேல்தான் அவர்!

இங்கேதான் ஆசிரியரின் ஆழ்ந்த நோக்கு வெளிப்படுகிறது. வெளியே தெரியும் எழுத்தை அணிந்த ஹெஸ்டர் ஊசி நூலால் தையல் வேலை செய்து குழந்தையை வளர்க்கிறாள். ஏழைகளுக்கு ஆடை தைத்துத் தருகிறாள். நோயாளிகளின் படுக்கை அருகே இரவெல்லாம் விழித்திருக்கிறாள். வெளியே தெரியாத எழுத்தை நெஞ்சுக்குள் வைத்திருக்கும் போதகரோ ஏழு ஆண்டுகள் உள்ளுக்குள்ளேயே வெந்து, கையை மார்பில் அழுத்தியபடி நாளுக்கு நாள் நலிகிறார். அவளுடைய கணவனான சில்லிங்வொர்த், மருத்துவன் வேடத்தில் போதகருடன் தங்கி அவர் மனப்புண்ணைக் கிளறிக்கொண்டே இருக்கிறான். கடைசியில் அதே கழுமேடையில் ஏறி, ஊரறியத் தம் குற்றத்தை ஏற்ற பிறகுதான் போதகர் அமைதியோடு உயிர் விடுகிறார். ஹெஸ்டருக்கோ அந்த எழுத்தே பெருமையாக மாறிவிடுகிறது. அதே முதல் எழுத்தில் தொடங்கும் ஆற்றல் என்ற பொருளுடைய சொல்லையே அது குறிக்கிறது என்று ஊர்மக்கள் சொல்லத் தொடங்குகிறார்கள்.

மறைத்த பாவம் ஆளைத் தின்னும், அறிக்கையிட்ட பாவம் ஆறும் என்பது பாவசங்கீர்த்தனத்தின் அருமை அறிந்த நமக்குப் புதிதன்று. ஹாதார்னும் இதை உணர்ந்திருந்தார் போலும். 1860ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ‘தி மார்பிள் ஃபான்’ என்ற புதினத்தில், பிறருடைய குற்றம் ஒன்றை அறிந்து மனம் வெந்த பியூரிட்டன் குலப்பெண் ஒருத்தி, உரோமாபுரியில் புனித இராயப்பர் பேராலயத்தின் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மண்டியிட்டு மனச்சுமையை இறக்கி வைக்கிறாள்.

அவர் இறந்தது 1864ஆம் ஆண்டில். அவருடைய இளைய மகள் ரோஸ், 1891ஆம் ஆண்டில் கத்தோலிக்க மறையைத் தழுவினார். பின்னர் மதர் மேரி அல்போன்சா என்ற பெயரில் கன்னியராகி, புற்றுநோயால் வாடும் ஏழைகளைக் கவனிக்க ஒரு சாமிநாதர் சபையை 1900ஆம் ஆண்டில் நிறுவினார். ஒருவரும் தொட அஞ்சிய நோயாளிகளைத் தொட்டுக் கழுவி மருந்திட்டார். தந்தையின் கற்பனைப் பெண் செய்த தொண்டை மகள் வாழ்விலேயே செய்து காட்டினார் எனலாம்.

பாளையங்கோட்டையில் புது வாழ்வு

இனி நம் அம்மையாரிடம் திரும்புவோம். லிட்டில்டன் துரை பாளையங்கோட்டைக் கோட்டைப் படைக்கு வந்தபோது அம்மையாரும் உடன் வந்தார். அங்கேயே துரை இறந்து போனார். இரண்டாம் முறையாகத் துணையை இழந்து, புதிய ஊரில், உறவு என்று சொல்ல ஒருவரும் இன்றி அவர் நின்றார். தஞ்சைக்குத் திரும்பிச் சென்றிருந்தாலும் அவரை ஏற்பவர் இல்லை. அந்த நிலையில் மனம் கசந்து, தம்மை மறுத்த சபையை அவரும் மறுத்திருந்தால் யாரும் குறை கூற முடியாது.

அவர் கசந்து போகவில்லை. சுவார்ட்ஸ் ஐயர் 1778ஆம் ஆண்டில் பாளையங்கோட்டைக்கு வந்தபோது, முன்பு மறுக்கப்பட்ட அதே வேண்டுகோளை மீண்டும் வைத்தார். தடையாக இருந்த காரணம் நீங்கிவிட்டது. ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கிளாரிந்தா என்று பெயரிட்டார். ஹென்றி என்ற அவருடைய வளர்ப்பு மகனும் உடன் ஞானஸ்நானம் பெற்றான். தம்மிடம் பிறவாத ஒரு குழந்தைக்குத் தாயாக நின்றார் அந்தக் கைம்பெண்!

அன்று முதல் அவர் வாழ்வு வேறு திசையில் நடந்தது. தம்மைச் சுற்றியிருந்தவர்களுக்கு வேதம் சொல்லிக் கொடுத்தார். இரண்டே ஆண்டுகளில், 1780ஆம் ஆண்டில், பாளையங்கோட்டையில் ஒரு சிறு திருச்சபை அமைந்துவிட்டது. அச்சபையின் பதிவேட்டில் 40 பேருடைய பெயர்கள் உள்ளன. பல சாதியைச் சேர்ந்த ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் அப்பட்டியலில் இருக்கிறார்கள். பட்டியலின் முதற்பெயர் கிளாரிந்தா! முன்பு வாசலிலேயே நிறுத்தப்பட்டவர் இப்போது பட்டியலின் தலையில் நிற்கிறார். அந்தணர் குடியில் பிறந்த அவர், அக்காலத்தில் ஒருவரையொருவர் தொடவும் தயங்கிய மக்களோடு ஒரே இடத்தில் மண்டியிட்டு வழிபட்டார் என்பதையும் நாம் மறக்கலாகாது.

சபைக்கு ஒரு கோயில் வேண்டும் என்று அவர் விரும்பினார். தம் கைப்பொருளைச் செலவிட்டார். கோட்டையிலிருந்த ஆங்கிலேயரிடமும் உதவி பெற்றார். சிறியதாக, ஆனால் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு உறுதியாக ஒரு கோயில் எழுந்தது. 1785ஆம் ஆண்டில் அதை அர்ச்சித்தவர் யார் தெரியுமா? முன்பு அவருக்கு ஞானஸ்நானம் மறுத்த அதே சுவார்ட்ஸ் ஐயர்தான். இருவருக்கும் இது பெருமையே. மறுத்தவரிடம் அம்மையார் மனக்கசப்பு வைக்கவில்லை. தாம் மறுத்தவரின் தலைமையை ஏற்று வந்து கோயிலைத் திறக்க ஐயரும் கூசவில்லை.

கோயில் கட்டியதோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. சபையை நடத்த ஆள் வேண்டும் என்று ஐயரிடம் வேண்டிக்கொண்டார். தஞ்சைக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே புகைவண்டி இல்லாத காலம் அது. மாட்டுவண்டியிலும் பல்லக்கிலும் பல நாள் செல்ல வேண்டிய வழி. ஐயர் தம் உதவியாளரான சத்தியநாதன் என்ற உபதேசியாரை அங்கே அனுப்பினார். சத்தியநாதன் 1790ஆம் ஆண்டில் தஞ்சையில் குருப்பட்டம் பெற்றார். பின்னாளில் நெல்லைச் சீமை எங்கும் பரவிய திருச்சபைக்கு வேர் அந்தச் சிறு கோயிலே.

ஊர்மக்கள் அக்கோயிலைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று அழைத்தனர். அம்மையார் பொதுமக்களுக்காக வெட்டிய கிணற்றையும் பாப்பாத்தியம்மாள் கிணறு என்றே குறிப்பிட்டனர். சாதி கெட்டவள் என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டவரை அம்மாள் என்று வாய் நிறைய அழைத்தார்கள் என்றால் அந்த மதிப்பு எளிதில் கிடைத்ததன்று. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தக் கோயில் பாளையங்கோட்டையில் நிற்கிறது.

மாதவையாவின் பேனாவில்

அம்மையார் மறைந்து ஒரு நூற்றாண்டு கழிந்தபின் அவர் வாழ்க்கையைப் புதினமாக எழுதியவர் அ. மாதவையா. நெல்லைச் சீமையில் பெருங்குளம் என்னும் ஊரில் 1872ஆம் ஆண்டில் அந்தணர் குடியில் பிறந்தவர் அவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, உப்புச் சுங்க இலாகாவில் பணியாற்றினார். ‘பத்மாவதி சரித்திரம்’ என்ற அவருடைய நாவல் தமிழின் தொடக்க கால நாவல்களுள் ஒன்று. இளம் கைம்பெண்ணின் துயரத்தையும் அவள் மறுமணத்தையும் சொல்லும் ‘முத்துமீனாட்சி’யை 1903ஆம் ஆண்டில் வெளியிட்டார். ‘கிளாரிந்தா’வை ஆங்கிலத்தில் எழுதி 1915ஆம் ஆண்டில் வெளியிட்டார், அது பின்னர் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டது.

சிதையிலிருந்து மீட்கும் செவிவழிக் கதையை விரிவாக எழுதி உயிரூட்டியவர் அவரே. தம் சொந்தச் சமூகத்தின் குறையைத் தாமே எடுத்துச் சொல்ல மிகுந்த துணிவு வேண்டும். தம் முன்னோரின் பிழையை மறைக்காமல் எழுதிய ஹாதார்னைப் போலவே மாதவையாவும் எழுதினார். 1925ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயமாக்க வேண்டும் என்று பேசி அமர்ந்தவர், அங்கேயே உயிர் நீத்தார்.

இரு பெண்மணிகள்

ஹெஸ்டர் கற்பனைப் பாத்திரம். கிளாரிந்தா அம்மையார் இரத்தமும் சதையுமாக வாழ்ந்தவர். ஆயினும் இருவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சில உண்மைகள் புலப்படுகின்றன.

ஹெஸ்டரின் மார்பில் ஓர் அடையாளத்தைத் தைத்தார்கள். நம் நாட்டுக் கைம்பெண்ணிடமிருந்து இருக்கும் அடையாளங்களையெல்லாம் பறித்தார்கள். ஒன்று சேர்ப்பது, மற்றொன்று எடுப்பது. இரண்டின் நோக்கமும் ஒன்றே. தெருவில் வரும்போதே இவள் இன்னாள் என்று தெரிய வேண்டும், பார்த்தவர் விலக வேண்டும் என்பதே அது. வெறும் நெற்றியும் ஒரு சிவப்பு எழுத்துத்தான்.

டிம்மஸ்டேல் போதகரும் லிட்டில்டன் துரையும் தீயவர்கள் அல்லர். போதகர் உருகி உருகிப் பிரசங்கம் செய்தவர். துரை ஒரு பெண்ணுக்குப் புகலிடமும் கல்வியும் தந்தவர். ஆனால் இருவரும் செய்ய வேண்டியதை உரிய காலத்தில் செய்யவில்லை. நல்லவர்கள் தள்ளிப்போடும் ஒரு கடமை, பலவீனரின் தலையில் எத்தனை பெரிய பாரமாக விழுகிறது! தீயவர்களால் வரும் துன்பத்தை விட இது சிந்திக்க வேண்டிய ஒன்று என்று நாங்கள் கருதுகிறோம்.

இரு பெண்மணிகளும் ஊரை எதிர்த்துச் சண்டையிடவில்லை. ஊரை விட்டு ஓடி ஒளியவும் இல்லை. ஊசியால் ஒருத்தி, செங்கல்லால் ஒருவர், தாங்கள் இருந்த இடத்திலேயே பிறருக்குப் பயன்பட்டார்கள். நம் தமிழிலக்கிய மணிமேகலையும் இத்தகையவளே. கணிகையின் மகள் என்று ஊர் பேசியது; அவளோ அமுதசுரபி ஏந்தி ஊரின் பசியைத் தீர்த்தாள்.

இன்றும் நம்மிடையே எத்தனை சிவப்பு எழுத்துகள்! கணவனால் கைவிடப்பட்ட பெண்ணை வாழாவெட்டி என்கிறோம். பிள்ளை இல்லாதவளை மலடி என்கிறோம். ஓடிப்போனவள் மகள், குடிகாரன் பிள்ளை என்று பள்ளிக்கூடத்துச் சிறுமியையும் சொல்லால் குத்துகிறோம். வாழாவெட்டி என்ற சொல்லைக் கேட்கும்போது எங்கள் வாழவந்தி என்ற ஊர்ப்பெயரே எங்களுக்கு நினைவு வருகிறது. வாழ வந்தவள் என்று எங்கள் காதில் ஒலிக்கும் இனிய பெயர் அது. காப்பித் தோட்டங்களுக்குப் பிழைக்க வந்த பெண்களுள் துணையின்றித் தனியே பிள்ளைகளை வளர்ப்பவர்கள் உண்டு. பனியிலும் மழையிலும் கூடையைத் தோளில் மாட்டிப் பழம் பறித்து, மக்களைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அவர்களை வாழாவெட்டி என்பதா, வாழ வந்தவர்கள் என்பதா? எந்தச் சொல்லைச் சொல்வது என்பது நம் நாவில்தான் இருக்கிறது.

முடிவுரை

கிளாரிந்தா அம்மையார் 19ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மறைந்தார். அவர் போர் புரியவில்லை, நாடாளவில்லை. ஒரு சிறு கோயிலையும் ஒரு கிணற்றையும் தம் பெயரோடு விட்டுச் சென்றார். இறைவன் முன் மண்டியிட ஓர் இடமும், தாகத்துக்குத் தண்ணீரும் இல்லாமல் மனிதன் வாழ முடியாது. இவ்விரண்டும் ஒருகாலத்தில் மறுக்கப்பட்டவர்தாம் இவ்விரண்டையும் ஊருக்கு அளித்தார்.

பழி சுமத்துவோரின் வரிசையில் நாம் நிற்க வேண்டாம். எவரேனும் பழி சுமந்து வந்தால், பாவம் எந்த இடத்தில் இருக்கிறது என்று முதலில் கேட்கக் கற்போம். நம்மீதே வீண்பழி வருமாயின், அம்மையாரைப் போல் கசப்பின்றிக் கடமையைச் செய்வோம். தம்மை மறுத்தவரையே அழைத்துத் தாம் கட்டிய கோயிலைத் திறந்து வைக்கச் செய்த அந்தப் பெரிய உள்ளம் நமக்கும் வாய்க்க இறைவன் அருள் புரிவாராக!